பதிவு போடக் கை வரவில்லையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

முன்பு ஒரு படம் போட்டால் நூறு லைக் விழும். இப்போது பத்துகூடத் தேறவில்லை. நண்பர்களுக்கு என்மேல் அக்கறை போய்விட்டதா?

பெரும்பாலும் உங்கள் படம் அவர்கள் கண்ணில் பட்டிருக்கவே செய்யாது. இன்ஸ்டாகிராம் 2016 வரை பதிவுகளை வந்த வரிசையிலேயே காட்டியது. பிறகு அல்காரிதம், அதாவது யாருக்கு எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் கணினி நிரல், அவற்றை அடுக்கத் தொடங்கியது. 2020இல் ரீல்ஸ் எனும் குறுவீடியோக்கள் வந்தபின் முன்பின் அறியாதவர்களின் வீடியோக்கள் நடுவில் புகுந்தன. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் சொந்தக்கார நிறுவனமான மெட்டா மீது அமெரிக்காவில் நடந்த ஏகபோக வழக்கில் 2025இல் ஒரு கணக்கு வெளிவந்தது: அங்குள்ளவர்கள் ஃபேஸ்புக்கில் செலவிடும் நேரத்தில் 17 சதவீதம்தான் நண்பர்களின் பதிவுகளுக்குப் போகிறது. இன்ஸ்டாகிராமில் வெறும் 7 சதவீதம்.

பார்ப்பவர் குறைந்தால் லைக் குறையும். லைக் குறைந்த பதிவை அல்காரிதம் இன்னும் கீழே தள்ளும். சலித்துப்போய் நீங்கள் நிறுத்துவீர்கள். அந்த இடத்தையும் இன்னொரு அந்நியரின் வீடியோ பிடித்துக்கொள்ளும். லைக் எண்ணிக்கையை வைத்து நட்பை அளக்காதீர்கள். அதே படத்தை ஐந்து பேருக்குத் தனியாக அனுப்பிப் பாருங்கள், பதில் வரும்.

தெரிந்தவர்கள் போடுவதை மட்டும் பார்க்க வழி உண்டா?

உண்டு, ஆனால் அரைகுறையாக. இன்ஸ்டாகிராமில் 'ஃபாலோயிங்' ஃபீட், நீங்கள் பின்தொடர்பவர்களின் பதிவுகளை வந்த வரிசைப்படி காட்டும். 'ஃபேவரிட்ஸ்' பட்டியலில் 50 பேர் வரை சேர்க்கலாம். அமைப்புகளில் பரிந்துரைப் பதிவுகளை 30 நாள் நிறுத்திவைக்கும் வசதியும் இருக்கிறது. 30 நாள் முடிந்ததும் அது தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதால் மாதம் ஒருமுறை மறுபடி போட வேண்டும். ஃபேஸ்புக்கில் 'ஃபீட்ஸ்' பகுதிக்குள் 'ஃப்ரெண்ட்ஸ்' என்று தனியாக இருக்கிறது.

நாலு வரி தட்டுகிறேன், பிறகு நானே அழித்துவிடுகிறேன். ஏன் இப்படி?

உங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை இது. ஃபேஸ்புக்கின் ஆய்வாளர்கள் 39 லட்சம் பேரை 17 நாள் கவனித்து 2013இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஐந்து எழுத்துக்கு மேல் தட்டி, பத்து நிமிடத்துக்குள் வெளியிடாமல் விட்டதைக் கணக்கிட்டதில், 71 சதவீதம் பேர் ஒருமுறையாவது அப்படிச் செய்திருந்தார்கள். மேலதிகாரி, மாமியார், பள்ளித்தோழன் எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்டால் யாருக்குத்தான் பேச்சு வரும்?

கேட்பவர்களைக் குறையுங்கள். இன்ஸ்டாகிராமில் 'க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ்' பட்டியல் போடலாம். சேர்த்தாலும் நீக்கினாலும் அவர்களுக்கு அறிவிப்பு போகாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில், தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும் காட்டும் அமைப்பு உண்டு. பலரும் தவறுவது இங்கேதான்: ஸ்டேட்டஸ் போட்டபிறகு பட்டியலை மாற்றினால், ஏற்கெனவே போட்டதற்கு அது பொருந்தாது. முதலில் பட்டியல், பிறகு ஸ்டேட்டஸ்.

சமூக ஊடகம் முடிந்துபோய்விட்டதா?

இல்லை. ஆர்குட் 2014இலும் கூகுள் பிளஸ் 2019இலும் மூடப்பட்டன. பேச்சு வேறு இடம் தேடிக்கொண்டது. இப்போது அது குழுக்களுக்கும் தனிச்செய்திகளுக்கும் நகர்கிறது. பொதுவெளி மெல்ல மெல்லத் தொலைக்காட்சிபோல ஆகிவருகிறது.

ஃபேஸ்புக் கணக்கை அழிக்கப் போகிறேன். பத்து வருடப் பதிவுகளை எப்படிக் காப்பாற்றுவது?

தகவல்களைத் தரவிறக்கும் பகுதியில் மூன்றைச் சரிபாருங்கள். தேதி வரம்பு கடைசி ஓராண்டு என்று இருந்தால் முழுக்காலத்துக்கு மாற்றுங்கள். படத்தரம் 'உயர்' என்று வையுங்கள். கோப்பு வடிவத்தில், இணையப்பக்கம்போலத் திறந்து படிக்கக்கூடிய எச்டிஎம்எல்லைத் (HTML) தேர்ந்தெடுங்கள். இன்னொரு வடிவமான ஜேசனில் (JSON) எடுத்தால் தமிழ் எழுத்துகள் கிறுக்கல்களாக வரும், எழுத்துக்குறியீடு அங்கே தவறாகப் பதியப்படுவதால். கோப்பு தயாரானதும் வரும் இணைப்பு சில நாள்தான் இருக்கும், உடனே இறக்கிவிடுங்கள். படங்களைக் கைபேசிக்கு மாற்றினால் எல்லாம் இன்றைய தேதியில் குவியலாம். ஆகவே ஆண்டுவாரியாக ஃபோல்டர் பிரித்துவிட்டு மாற்றுங்கள்.

அடுத்து, ஃபேஸ்புக் கணக்கைக் கொண்டு நுழையும் மற்ற ஆப்களுக்கு மின்னஞ்சல் வழியை ஏற்படுத்துங்கள். அதன்பிறகே அழிக்கச் சொல்லுங்கள். 30 நாள் அவகாசம் தருவார்கள். அதற்குள் மறந்துபோய் உள்ளே நுழைந்து, அழிப்பை ரத்துசெய்துவிடுபவர்கள் பலர்; கைபேசியிலிருந்து ஆப்பை முதல் நாளே நீக்கிவிடுங்கள். சர்வர்களிலிருந்து முழுதாக நீங்க 90 நாள் வரை ஆகலாம். நீங்கள் பிறருக்கு அனுப்பிய செய்திகள் அவர்கள் பெட்டியில் அப்படியே இருக்கும்.