பி.காம் படிக்கும் மகளுக்கு டேப் போதுமா?

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார்கள். மகள் காரைக்குடியில் பி.காம் இரண்டாம் ஆண்டுக்குப் போகிறாள். வீட்டு லேப்டாப் பழசு, ஆன் ஆகவே பத்து நிமிடம் எடுக்கிறது, வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடுகிறது. "இதைக் கொடுத்துவிட்டு ஒரு டேப் வாங்கித் தாங்க, போதும்" என்கிறாள் பெண். மலேசியாவில் இருக்கும் அவள் அப்பா, வரும்போது அங்கேயே வாங்கி வருவதாகச் சொல்கிறார். அதை நம்பி லேப்டாப்பைக் கொடுத்துவிடலாமா, பிறகு வேலைக்குப் போகும்போது கஷ்டப்படுவாளா என்பது ஆச்சியின் கவலை.

ஆச்சி, டேப் வாங்குங்கள், அது படிப்பைக் கெடுக்காது. ஆனால் பழைய லேப்டாப்பை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். பி.காம் படிப்பவருக்கு அன்றாட வேலையில் முக்கால்வாசி டேப்பிலேயே முடியும். முடியாமல் போகும் கால்வாசியில்தான் அவளுடைய முதல் வேலை இருக்கிறது.

அந்தக் கால்வாசி என்ன என்று முதலில் சொல்கிறேன். டேலி பிரைம், கம்பெனிகளில் கணக்கு எழுதப் பயன்படுத்தும், விண்டோஸில் ஓடும் மென்பொருள். ஆண்ட்ராய்டு டேப்பிலோ ஐபேடிலோ அதை நிறுவ முடியாது. டேலி என்பது விரலால் பழகும் வேலை. எஃப்5 அழுத்தினால் பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்7 ஜர்னல், எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல். ஆடிட்டர் ஆபீஸில் வேலை கேட்டுப் போகிறவரை ஒரு சிஸ்டத்தின் முன் உட்காரவைத்து நாலு வவுச்சர் (வரவு செலவுப் பதிவு) போடச் சொல்வார்கள். மவுஸைத் தேடும் கை அங்கே தெரிந்துவிடும். வேறொரு கம்ப்யூட்டரில் டேலியைத் திறந்து டேப்பிலிருந்து ரிமோட்டாக இயக்கலாமே என்று கடையில் யாராவது சொல்வார்கள். ஆனால் டேப்புக்கு விற்கும் சின்ன கீபோர்டுகள் பலவற்றில் எஃப் வரிசைச் சாவிகளும் கிடையாது, வலப்பக்க எண் சாவிகளும் கிடையாது. பழகுவதற்கு அது உதவாது.

டேலி கற்க லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை. எஜுகேஷனல் மோடில் இலவசமாகவே திறக்கலாம். அதில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும்தான் வவுச்சர் போட முடியும். இதைத் தெரியாமல் 15ஆம் தேதி போட்டுப் பார்த்து, மென்பொருள் கெட்டுவிட்டது என்று விட்டுவிடும் பிள்ளைகள் உண்டு. பயிற்சிக் கணக்கு முழுவதையும் 1, 2 தேதிகளில் போட்டுப் பழகச் சொல்லுங்கள், கற்பதற்கு அது தாராளம்.

ஜிஎஸ்டி இணையதளத்தை டேப்பில் திறந்து பார்க்கலாம். ஆனால் கணக்கர்கள் பயன்படுத்தும் ஆஃப்லைன் எக்செல் கருவி மேக்ரோவில் (எக்செலுக்குள் இயங்கும் சிறு நிரலில்) ஓடுவது, டேப்பில் உள்ள எக்செல் மேக்ரோவை ஓட்டாது. கம்பெனிகளுக்குக் கையெழுத்தாகச் செருகும் டிஜிட்டல் டோக்கனுக்கும் கம்ப்யூட்டரில் தனி மென்பொருள் வேண்டும். வேலைக்கான ஆன்லைன் தேர்வுகளிலும் கவனம் தேவை. கேமராவால் கண்காணித்து நடத்தும் தேர்வுகள் பல, லேப்டாப் அல்லது டெஸ்க்டாப்பில்தான் எழுத வேண்டும் என்று அழைப்பிலேயே போட்டிருக்கும். இதைத் தேர்வு நாளன்று காலையில் படிக்கக் கூடாது.

இனி முக்கால்வாசி. பாடப் புத்தகங்களும் பழைய வினாத்தாள்களும் இப்போது பிடிஎஃப் ஆகத்தான் வருகின்றன. 11 அங்குலத் திரையில் ஒரு பக்கம் முழுதாகத் தெரியும். திரையை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் கணக்கு, வலப்பக்கம் நோட்டு என்று வைத்துக்கொண்டு பேனாவால் பேரேடு போட்டுப் பழகலாம். அக்கவுண்டன்ஸி, காஸ்டிங் கணக்குகளைத் தட்டச்சுச் செய்து படிக்க முடியாது. கோடு இழுத்து, தப்பை அழித்து, மறுபடி போட வேண்டும். இதில் டேப் லேப்டாப்பைவிட நல்லது. 8.7 அங்குல டேப் விலை குறைவு என்று வாங்கிவிடாதீர்கள். பாதித் திரையில் பத்து வரிகூடத் தெரியாது, ஒரு மாதத்தில் அது வீடியோ பார்க்கும் பொருளாகிவிடும்.

பேனாவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நுனியில் ரப்பர் வைத்து 200, 300 ரூபாய்க்கு விற்பது விரலுக்கு மாற்று, அவ்வளவுதான். அதை வைத்து எழுதும்போது உள்ளங்கை திரையில் பட்டால் அங்கேயும் கோடு விழும். கையைத் தூக்கியே எழுதினால் கால் மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். டேப்போடு பேசிக்கொள்ளும் பேனாவாக இருந்தால், பேனா திரைக்கு அருகே வந்ததும் டேப் உள்ளங்கையைக் கணக்கில் எடுக்காது. சாம்சங்கின் சில மாடல்களில் எஸ் பென் பெட்டியிலேயே வருகிறது. ஐபேடுக்குப் பென்சில் தனி விலை, எந்தப் பென்சில் எந்த ஐபேடுக்குச் சேரும் என்பதும் மாடலுக்கு மாடல் மாறும். கடையில் பெண்ணை உட்காரவைத்து, உள்ளங்கையைத் திரையில் பதித்தபடி அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். கோடு பிசிறினாலோ எழுத்து பேனாவுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தாலோ அந்த டேப் வேண்டாம்.

ரேம் 8 ஜிபி, சேமிப்பு 128 ஜிபி இருக்கட்டும். 4 ஜிபி ரேமில் என்ன ஆகும் என்றால், ஏதோ ஒரு விண்ணப்பப் படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டு ஆதார் எண் பார்க்க வேறு ஆப்புக்குப் போய்த் திரும்புவாள், படிவம் முதலிலிருந்து திறக்கும். நினைவகம் போதாமல் டேப் முந்தைய ஆப்பை மூடிவிடுவதுதான் காரணம்.

இன்னொன்று, 10.1 அங்குலத்துக்கு மேற்பட்ட திரையில் மைக்ரோசாஃப்ட் வேர்டும் எக்செலும் சந்தா கட்டாவிட்டால் படிக்க மட்டுமே திறக்கும், திருத்த முடியாது. இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். கூகுள் ஷீட்ஸ், டாக்ஸ் இலவசம், கல்லூரி அசைன்மென்டுக்குப் போதும். முடித்ததும் பிடிஎஃப் ஆக மாற்றி எடுத்துப்போகட்டும். ஜெராக்ஸ் கடையில் திறக்கும்போது அட்டவணை கலையாமல் இருக்கும்.

தமிழில் தட்டச்சு செய்கிற பிள்ளை என்றால் கீபோர்டையும் சோதித்துவிடுங்கள். ஐபேடில் வெளிக் கீபோர்டை இணைத்தாலும் தமிழ்99 வரும். ஆண்ட்ராய்டு டேப்புகளில் திரைக் கீபோர்டில் வருவது வெளிக் கீபோர்டில் வராமல் போகலாம், ஆகவே வாங்குமுன் அடித்துப் பாருங்கள்.

பழைய லேப்டாப்புக்கு வருவோம். அது மெதுவாக இருப்பதற்கு வயது மட்டும் காரணமாக இருக்காது, உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க் என்ற இடத்தைப் பாருங்கள். எச்டிடி (ஹார்ட் டிஸ்க்) என்று போட்டு, எப்போதும் 100 சதவீதத்தில் நின்றால் நோய் அதுதான். முதலில் போட்டோக்களையும் பத்திர ஸ்கேன்களையும் வெளியே எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக, சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பான 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போடச் சொல்லுங்கள். ரேம் 4 ஜிபி என்றால் 8 ஆக்குங்கள். புது லேப்டாப் விலையில் இது சிறு பங்குதான். பேட்டரி உப்பி டச்பேட் மேலே எழும்பியிருந்தால் மட்டும் ஒரு நாள்கூட வைத்திருக்க வேண்டாம், கழற்றிவிட்டு மாற்றுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான மாடல்களில் விண்டோஸ் 11 முறையாக ஏறாது. அப்படிப்பட்டதை டேலி, எக்செல் பழக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பேங்க் வேலையை அதில் செய்யாதீர்கள்.

புது லேப்டாப்புக்குப் பணம் ஒதுக்குமுன் கல்லூரி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். 2025-26 மாநில பட்ஜெட்டில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு 2 ஆண்டுகளில் டேப் அல்லது லேப்டாப் வழங்குவதாக அறிவித்தார்கள். உங்கள் மகள் படிக்கும் கல்லூரியும் அவள் ஆண்டும் அதில் வருமா என்று அவர்கள் சொல்வார்கள். தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடைத்தால், டேப் ஏற்கெனவே கையில் இருப்பதால், யோசிக்காமல் லேப்டாப்பைக் கேட்டு வாங்குங்கள்.

மலேசியாவில் வாங்குவது பற்றி. பல நிறுவனங்கள் வாங்கிய நாட்டில்தான் வாரண்டி தருகின்றன. அந்த மாடலுக்கு இந்தியாவில் சர்வீஸ் உண்டா என்று அப்பா அங்கேயே எழுத்தில் கேட்டுக்கொள்ளட்டும். அங்குள்ள சார்ஜரின் பட்டை முள் நம் பிளக்கில் நேராகச் செருகாது. விலை வித்தியாசம் இரண்டு மூன்றாயிரம்தான் என்றால் மதுரையிலோ திருச்சியிலோ பில்லோடு வாங்குவதே நல்லது. திரை உடைந்தால் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடம் வேண்டும்.

நம் செட்டிநாட்டு வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ரவுட்டரை முகப்பில் மாட்டிவிட்டு, பிள்ளை இரண்டாம் கட்டில் உட்கார்ந்து படிக்கும். இடையே கனத்த செங்கல் சுவர் இரண்டு மூன்று இருக்கும். வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் அதைத் தாண்டாது, 2.4-ம் தள்ளாடித்தான் வரும். டேப் மெதுவாக இருக்கிறது என்று பிள்ளை குறைசொல்லும், பழி டேப்பின் மேல் விழும். சிக்னல் பெருக்கியை வாங்கிச் சுவருக்கு அந்தப்பக்கம் வைத்தும் பயனில்லை, அதற்கே சிக்னல் எட்டாது. வளவு (உள்முற்றம்) ஓரமாக ஒரு லேன் கேபிளை இழுத்து, உள்கட்டில் இன்னொரு ரவுட்டரை, அங்கே வைஃபை தரும் ஆக்சஸ் பாயின்டாக வைக்கச் சொல்லுங்கள். சிம் போடும் டேப்புக்கு அதிகம் கொடுப்பதைவிட இது மலிவு. சித்திரை, வைகாசியில் மாடி அறையில் சார்ஜ் போட்டபடி வீடியோ வகுப்பு பார்க்க விடாதீர்கள். 35 டிகிரிக்கு மேல் சூழலில் பயன்படுத்த வேண்டாம் என்று ஐபேடுக்கு ஆப்பிளே சொல்கிறது. லித்தியம் பேட்டரி சூட்டில்தான் சீக்கிரம் தேய்கிறது. 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி செட்டிங்ஸில் இருந்தால் போட்டுவிடுங்கள்.

பிளஸ் 1 படிக்கும் தம்பிக்கும் சேர்த்து வாங்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். அவன் பொறியியலுக்குப் போவான் என்றால் இப்போது வாங்காதீர்கள், அந்தப் பணத்தை எடுத்துவையுங்கள். பொறியியலில் பயன்படும் சாலிட்ஒர்க்ஸ், ஆன்சிஸ், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ போன்ற மென்பொருள் எதுவும் டேப்பில் நிறுவ முடியாது. பைதான் என்ற நிரல் மொழியை மட்டும் கூகுள் கோலாப் தளம் வழியாக பிரவுசரில் எழுதலாம். எந்தப் பிரிவு கிடைக்கிறது என்று தெரிந்த பிறகு, துறையில் என்ன மென்பொருள் நடத்துகிறார்கள் என்று கேட்டு, அதற்கேற்ற ரேமும் கிராஃபிக்ஸும் உள்ள லேப்டாப்பாக வாங்கலாம். அதுவரை ஜேஇஇ வகுப்பு பார்க்க அக்காவின் டேப்பை ராத்திரி இரண்டு மணி நேரம் வாங்கிக்கொள்ளட்டும். அவள் அந்த நேரத்தில் லேப்டாப்பில் டேலி போட்டுப் பழகுவாள்.