செல்போன் இருக்கும்போது ஹாம் ரேடியோ கிளப்பால் ஊருக்கு என்ன பயன்?

நாகர்கோவிலில் ஒரு ஹாம் ரேடியோ குழுவில் சேரச் சொல்லி நண்பர் கூப்பிடுகிறார், அங்கே என்னதான் செய்வார்கள், ஊருக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ஹாம் ரேடியோ என்பது லைசென்ஸ் வாங்கியவர்கள் சொந்த ரேடியோ செட் வைத்து, செல்போன் டவர் உதவியில்லாமல் ஒருவரோடு ஒருவர் பேசும் பொழுதுபோக்கு. இதே மாவட்டத்தில் அப்படி ஒரு குழுவில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பெரும்பாலான நேரம் பேசிக்கொண்டிருப்போம், அவ்வளவுதான். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ‘நெட்’ கூடும், அதாவது எல்லோரும் ஒரே அலைவரிசையில் சேர்ந்து பேசும் நேரம். ஒருவர் கட்டுப்பாட்டு நிலையமாக இருந்து ஒவ்வொருவரையும் அவரவர் லைசென்ஸில் உள்ள அழைப்புக்குறியைச் (அடையாள எழுத்தும் எண்ணும்) சொல்லிக் கூப்பிடுவார். உங்கள் பக்கம் மழையா, கரண்ட் இருக்கிறதா, என் சிக்னல் எப்படி, புது ஆன்டெனா வேலை செய்கிறதா என்று போகும். வெளியாள் கேட்டால் வெட்டிப்பேச்சு என்றுதான் நினைப்பார். என் வீட்டிலும் அந்த அபிப்பிராயம்தான்.

ஆனால் ஊருக்கான பயனும் இந்தப் பேச்சிலிருந்துதான் வருகிறது. நாங்கள் அதிகம் புழங்குவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை. அது ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், மலை குறுக்கிட்டால் நின்றுவிடும். நம் மாவட்டத்திலோ எங்கே திரும்பினாலும் மலை. குலசேகரத்துக்காரர் மொட்டைமாடியில் நின்றால் கேட்கும், வாசலுக்கு இறங்கினால் வேளிமலை மறைத்துவிடும். எங்கிருந்து யாருக்குக் கேட்கும், கேட்காவிட்டால் நடுவில் யார் வாங்கிச் சொல்ல முடியும் என்பது தினமும் பேசினால்தான் கைவரும். உயரத்தில் ரிப்பீட்டர் வைத்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும். அது ஒரு அலைவரிசையில் வாங்கி 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி மறுபடி அனுப்பும். ஆனால் அதற்கும் கரண்ட் வேண்டுமே. அதனால் வாரத்தில் ஒரு நாள் ரிப்பீட்டர் இல்லாமலே நெட் நடத்துகிறோம். எரிச்சலான நாள் அது, பாதிப் பேர் குரல் இரைச்சலில் போய்விடும்.

இவ்வளவு மெனக்கெட ஒக்கி புயல்தான் காரணம். 2017 நவம்பர் 30-ஐ இங்கே யாரும் மறக்கமாட்டார்கள். ரப்பரும் தென்னையும் கம்பிகள் மேல் சாய்ந்து, மின்கம்பங்கள் ஒடிந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. செல்போன் டவர்கள் பேட்டரி தீரும்வரை, பிறகு டீசல் தீரும்வரை ஓடும். அதற்கப்புறம் போன் டார்ச் அடிக்க மட்டும்தான். அப்போது தேவைப்பட்டதெல்லாம் இரண்டு மூன்று வரிச் செய்திகள்: எந்த ரோட்டில் மரம் கிடக்கிறது, முகாமில் எத்தனை பேர், யாருக்கு இன்சுலின் வேண்டும். ஒரு 12 வோல்ட் கார் பேட்டரி, ஒரு செட், தெரிந்த ஆள் இருந்தால் போதும்.

தெரிந்த ஆள் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இரைச்சலில் ‘மார்த்தாண்டன்துறை’ என்று சொன்னால் அந்தப் பக்கம் ‘துறை’ மட்டும் விழும். பூத்துறையா, சின்னத்துறையா, இரயுமன்துறையா? உள்நாட்டுக்குப் போனால் ‘விளை’ என்று முடியும் ஊர்கள் எத்தனை என்று எண்ணவே முடியாது. அதனால் எங்கள் பயிற்சியில் ஊர்ப்பெயரோடு பஞ்சாயத்துப் பெயரும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எண்களை இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும், ஐம்பது என்று சொல்லாமல் ‘ஐந்து, பூஜ்யம்’. வாங்கியவர் எழுதி, திரும்ப வாசித்துக் காட்டினால்தான் செய்தி போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. புதிதாக வருபவர்களுக்கு இது சுத்தமாகப் பிடிக்காது.

உண்மையான பரீட்சை சிவராத்திரிக்கு வரும். முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு கோவில்கள், நூறு கிலோமீட்டருக்கு மேல், ‘கோவிந்தா, கோபாலா’ என்று கூவிக்கொண்டு வெறுங்காலோடு ஓடும் சிவாலய ஓட்டம். வழியில் ஆங்காங்கே கைசெட்டோடு எங்கள் ஆட்கள் நிற்பார்கள். போன் சிக்னல் இருந்தாலும் கூட்டம் கூடினால் லைன் கிடைப்பது கஷ்டம். ஒருமுறை பன்னிப்பாகம் பக்கம் பெரியவர் ஒருவர் மயங்கி உட்கார்ந்துவிட்டார். அங்கு நின்ற பையனின் செட் கல்குளத்துக்கு எட்டவில்லை. நடுவில் மேட்டில் நின்ற எங்கள் குழு டீச்சர் குறுக்கிட்டு, “தம்பி, நீ சொன்னது எனக்குத் தெளிவு. நான் சொல்லிடுதேன், நீ அவரு பக்கத்துலயே நில்லு” என்றார். முதலுதவிப் பெட்டியோடு இருந்த எங்கள் உறுப்பினர் பைக்கில் போய்ச் சேர்ந்தார். மோரும் நிழலும் கிடைத்ததும் பெரியவர் மறுபடி ஓடத் தயாராகிவிட்டார், தடுப்பதுதான் பெரிய பாடு.

கடலில் போகிறவர்களையும் காப்பாற்றுவீர்களா என்று பலர் கேட்கிறார்கள். மாட்டோம். படகுகளில் இருப்பது கடல்சார் விஎச்எஃப் (கப்பல், படகுகளுக்கென ஒதுக்கிய ரேடியோ), அவசர அழைப்புக்கு 16-ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ். அது எங்கள் அலைவரிசை இல்லை, அதில் ஒலிபரப்ப எங்களுக்கு அனுமதியும் கிடையாது. தூத்தூர், வள்ளவிளைக்காரர்கள் போகும் ஆழ்கடலுக்குக் கரையிலிருந்து விஎச்எஃப் எட்டவும் செய்யாது. அங்கே தேவை இஸ்ரோவின் அபாய எச்சரிக்கைக் கருவி போன்ற செயற்கைக்கோள் வழி ஏற்பாடு. ஹாம் கிளப் வைத்து மீனவர்களைக் காப்போம் என்று மேடையில் யாராவது பேசினால் நம்பாதீர்கள்.

தரையில் நடந்த உதாரணம் வேண்டுமானால் அந்தமானைச் சொல்லலாம். 2004 டிசம்பரில் தில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு போர்ட் பிளேரில் இருந்தது. அபூர்வமான இடத்திலிருந்து உலகத்தோடு பேசுவதுதான் நோக்கம், முழுக்கப் பொழுதுபோக்கு. 26-ஆம் தேதி சுனாமி வந்தது. ஆன்டெனா ஏற்கெனவே மேலே இருந்ததால் அவர்களால் உடனே தீவுகளின் செய்திகளைக் கடத்த முடிந்தது.

மற்றபடி, பள்ளிப் பிள்ளைகளுக்கு 145.800 மெகாஹெர்ட்ஸில் விண்வெளி நிலையத்தின் சிக்னலைக் கேட்கவைப்பது, ஒளித்துவைத்த டிரான்ஸ்மிட்டரைத் தேடும் ‘நரி வேட்டை’, ஆகஸ்டில் உலகக் கலங்கரை விளக்க வார இறுதிக்கு முட்டத்தில் ஆன்டெனா கட்டுவது என்று போகும். கடற்கரை வீட்டுக்காரர்களுக்குக் கூடுதல் வேலை ஒன்று உண்டு: உப்புக்காற்றில் கனெக்டர் பச்சை பூத்துவிடும், அடிக்கடி கழற்றிப் பார்க்க வேண்டும்.

சேர்வதென்றால் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வு எழுத வேண்டும். 12 வயது நிரம்பினால் போதும். லைசென்ஸில் இரண்டு வகை: ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிகளால் எழுத்துகளை அனுப்பும் முறை) தேவையில்லை, ஜெனரலுக்கு உண்டு. மின்னியல் அடிப்படையும் விதிமுறைகளும் கேட்பார்கள், பிளஸ் டூ இயற்பியல் படித்தவருக்குச் சிரமமே இல்லை. பாஸான பிறகு லைசென்ஸ் கைக்கு வரக் கொஞ்சம் பொறுமை வேண்டும். அதுவரை ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிற கைசெட்டை வாங்கிவிடாதீர்கள், லைசென்ஸ் இல்லாமல் பேசுவது குற்றம். நெட்டைக் கேட்க ஆசையென்றால் உங்கள் நண்பர் வீட்டுக்கு ஒரு நாள் இரவு போய் உட்காருங்கள். ரிப்பீட்டர் இல்லாத நாளாகப் பார்த்துப் போனால் இன்னும் நல்லது.