முதல் தோட்டா எங்கே பட வேண்டும்? ஆப்பிரிக்கச் சமவெளி வேட்டை: கேள்வி பதில்

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உரிமம் பெற்ற வழிகாட்டியுடன் மான், வரிக்குதிரை, மாட்டைப் போல உடல் பருத்த வில்டபீஸ்ட் மான் போன்றவற்றை வேட்டையாடுவதற்குச் ‘சமவெளி விலங்கு வேட்டை’ என்று பெயர். யானை, எருமை, சிங்கம் இதில் சேராது. வழிகாட்டியைத் தொழில்முறை வேட்டைக்காரர் என்ற பொருளில் எல்லோரும் ‘பி.எச்.’ என்றே கூப்பிடுகிறார்கள். முதல் பயணத்துக்குத் தயாராகும் வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

நமீபியாவில் குடு, ஜெம்ஸ்பாக் என்ற பெரிய மான்கள், ஸ்பிரிங்பாக் என்ற சிறிய மான், மூன்றுக்கும் ஒரே ரைஃபிள் போதுமா? .375 என்ற பெரிய தோட்டா ரைஃபிளை எடுத்துப் போகச் சொல்கிறார்களே?

ஒன்றே போதும். நமீபியச் சட்டம் குழல் வாயில் தோட்டாவுக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆற்றலைச் சொல்கிறது: ஸ்பிரிங்பாக் அளவு விலங்குக்கு 1,350 ஜூல், குடு, ஜெம்ஸ்பாக், ஈலண்ட் போன்றவற்றுக்கு 2,700 ஜூல். சாதாரண .308 வின்செஸ்டர் தோட்டாவே சுமார் 3,500 ஜூல் தரும். .30-06 இன்னும் சற்றுக் கூடுதல். .375 எருமைக்கு ஆகிற துப்பாக்கி. அதன் உதைக்குப் பயந்து விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடுகிறவர், .308 வைத்து நிதானமாகச் சுடுகிறவரைவிட மோசமாகத்தான் சுடுவார்.

துப்பாக்கியைவிடக் குண்டு முக்கியம். மேலுறையும் ஈயமும் பிரியாமல் பிணைத்த குண்டு, அல்லது முழுச் செம்புக் குண்டு, எடை 165 முதல் 180 கிரெய்ன் (சுமார் 11 முதல் 12 கிராம்) வரை. மலிவான மென்குண்டு தோள் எலும்பில் மோதிச் சிதறி, வெளிக்காயத்தோடு நின்றுவிடும். .30-06-இல் குறியை 200 மீட்டரில் சரியாகப் படும்படி அமைத்துக் கொண்டால் 100 மீட்டரில் ஐந்தாறு சென்டிமீட்டர் உயரே படும், 300 மீட்டரில் ஏறக்குறைய ஒரு சாண் தாழும். புதர்க்காட்டில் பெரும்பாலும் 80 முதல் 150 மீட்டருக்குள்தான் சுடுவீர்கள், ஸ்பிரிங்பாக் மேயும் திறந்தவெளியில் 200-ஐத் தாண்டும். விமானத்தில் உருண்டு வந்த ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) நம்ப வேண்டாம். போய்ச் சேர்ந்ததும் பண்ணையில் மூன்று குண்டாவது காகிதத்தில் சுட்டுப் பாருங்கள்.

தோளுக்குப் பின்னால் ஒரு கை அகலம் விட்டுச் சுடுவதே என் பழக்கம். அங்கேயும் அப்படித்தானா?

இல்லை. முதல் பயணத்தில் வேட்டை கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தப் பழக்கத்தால்தான். வட அமெரிக்க, ஐரோப்பிய மான்களைச் சுட்டுப் பழகியவர்கள் தோளுக்குப் பின்னால் குறி வைப்பார்கள். ஆப்பிரிக்க மான்களின் இதயமும் நுரையீரலும் நாம் நினைப்பதைவிட முன்னால், முன்னங்கால்களுக்கு நடுவே, தாழ்வாக இருக்கின்றன. ஒரு கை பின்னால் போனால் ஈரல், இன்னும் கொஞ்சம் தள்ளினால் இரைப்பை. பிறகு அந்தி வரைக்கும் தடம் பார்த்து நடக்க வேண்டியதுதான்.

விலங்கு பக்கவாட்டில் நின்றால் முன்னங்காலின் நடுக்கோட்டைப் பிடித்தபடி குறியை மேலே கொண்டுவாருங்கள். உடலின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு வந்ததும் நிறுத்துங்கள். அங்கே பட்டால் இதயத்தின் மேல்பகுதி. சற்று உயர்ந்தாலும் நுரையீரல், முன்னே தள்ளினாலும் தோள் எலும்பு. பிழைக்கு இடம் கொடுக்கும் புள்ளி அது ஒன்றுதான்.

சில விலங்குகள் கண்ணை ஏமாற்றும். நீல வில்டபீஸ்டின் தோள் திமிலும் பிடரி மயிரும் உடலை இருப்பதைவிட உயரமாகக் காட்டும், அதனால் எல்லோரும் மேலே சுடுகிறார்கள். ஜெம்ஸ்பாக்கின் தோள் மேடும் அப்படியே. அங்கே குண்டு முதுகெலும்பின் மேல்முள்ளைத் தட்டினால் விலங்கு இடி விழுந்த மாதிரி அப்படியே சாயும். நீங்கள் கை குலுக்கிக் கொண்டிருப்பீர்கள். ஒரு நிமிடத்துக்குள் அது எழுந்து ஓடிவிடும். விழுந்ததைப் பார்த்தாலும் அடுத்த தோட்டாவை ஏற்றி, ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் இருங்கள். பி.எச். போதும் என்று சொன்ன பிறகு துப்பாக்கியைத் தாழ்த்தலாம். வரிக்குதிரையில் மட்டும் வேலை சுலபம்: தோளில் கோடுகள் சந்தித்து முக்கோணம் போலக் கூடும் இடத்தைப் பாருங்கள்.

விலங்கு சாய்வாக விலகி நின்றால், இந்தப் பக்கம் எங்கே நுழைகிறது என்று பார்க்காமல் அந்தப் பக்க முன்னங்காலில் வெளியேறும்படி கணக்குப் போடுங்கள். பின்புறம் காட்டி நிற்பதைச் சுட வேண்டாம், பி.எச். சொன்னாலும் மறுக்கலாம்.

மேசையில் வைத்துச் சுட்டால் மூன்று குண்டும் ஒரே துளையில் போகின்றன. இன்னும் என்ன பயிற்சி வேண்டும்?

மேசையை விட்டு எழுந்திருங்கள். அங்கே நின்றபடி, மூன்று கால் கொண்ட தாங்குகோலில் துப்பாக்கியை வைத்துச் சுடுவதே வழக்கம். பி.எச். கோலை விரித்து வைப்பார், விலங்கு நிற்கப் போவது ஐந்து முதல் பத்து நொடி. தாங்குகோலைக் கடையில் வாங்கலாம், மூன்று மூங்கில் கழிகளை மேலே கட்டியும் செய்துகொள்ளலாம். 100 மீட்டரில் ஒரு சாண் தட்டை வைத்து, சாதாரணமாக நின்ற நிலையிலிருந்து துப்பாக்கியை உயர்த்தி, கோலில் வைத்து, ஐந்து நொடிக்குள் சுடுங்கள். பத்துக்கு ஒன்பது பட்டால் கிளம்பலாம். முன்னால் இருக்கும் கையால் குழலை நேராகக் கோலில் அழுத்தாதீர்கள். துப்பாக்கிக் கட்டையைக் கையால் பிடித்து, அந்தக் கையைக் கோலில் வையுங்கள், இல்லாவிட்டால் குண்டு மேலே போகும். வேகமாக நடந்துவிட்டு மூச்சிரைக்கச் சுடுவதையும் பழகுங்கள்.

குண்டு பட்டது, விலங்கு கிடைக்கவில்லை. பணம் கட்ட வேண்டுமா?

கட்ட வேண்டும். ஒரு சொட்டு ரத்தம் விழுந்தால் அந்த விலங்கின் முழுக் கட்டணமும் உங்கள் கணக்கில் ஏறும், எல்லா இடத்திலும் இதுதான் வழக்கம். இதை அநியாயம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. யோசிக்காமல் விசையை இழுக்கும் கையை நிறுத்துவது அந்த ஒரு விதிதான்.

சுட்டதும் எங்கே நின்றது, எந்தப் பக்கம் ஓடியது என்று ஒரு புதரையோ மரத்தையோ அடையாளம் வைத்துக் கொள்ளுங்கள். உடனே துரத்தாதீர்கள், பதினைந்து இருபது நிமிடம் பொறுங்கள். அதற்குள் தடம் பார்ப்பவர் ரத்தத்தைப் படித்துவிடுவார். நுரை கலந்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், பெரும்பாலும் நூற்றைம்பது மீட்டருக்குள் கிடக்கும். கருஞ்சிவப்பு ஈரல். பச்சை நிறச் சாறும் தழையும் தெரிந்தால் இரைப்பை, அதற்கு இன்னும் பொறுத்தால்தான் அது படுக்கும். இரவு வந்துவிட்டால் நரியும் கழுதைப்புலியும் முந்திக்கொள்ளும் என்பதால், எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதை பி.எச். தீர்மானிப்பார்.

கிடக்கும் விலங்கிடம் தலைப்பக்கமாகப் போகாதீர்கள். ஜெம்ஸ்பாக்கின் கொம்பு ஈட்டி. அடிபட்டதும் அது தலையைக் குனிந்து வீசும். சிறியதாகத் தெரியும் புஷ்பக் மானும் நேராகவே பாயும். பின்னாலிருந்து வந்து, நீளமான குச்சியால் திறந்திருக்கும் கண்ணைத் தொடுங்கள். இமைக்கவில்லை என்றால் முடிந்தது.

ரைஃபிளைத் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுபோவது சிரமமா?

தாள் வேலை உண்டு. தற்காலிக இறக்குமதிக்குத் தென்னாப்பிரிக்கப் போலீசின் எஸ்.ஏ.பி.எஸ். 520 என்ற படிவம். கறுப்பு மையில் நிரப்புங்கள், கையெழுத்தை மட்டும் அதிகாரி முன்னால்தான் போட வேண்டும். துப்பாக்கியின் உரிமச் சான்று, பாஸ்போர்ட், பயணச்சீட்டு, வேட்டை நடத்துபவரின் அழைப்புக் கடிதம் எல்லாம் கையில் இருக்கட்டும். ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டா வரைதான். ஒரே அளவில் இரண்டு துப்பாக்கி கூடாது, தானியங்கித் துப்பாக்கியும் கூடாது. விமானத்தில் தோட்டா பொதுவாக 5 கிலோ வரை, தனிப் பூட்டுப்பெட்டியில். வழியில் விமானம் மாறும் நாட்டின் விதியைப் பார்க்காமல் விடுவதுதான் பலரை மாட்டிவிடுகிறது. இரண்டு விலங்குக்குத்தான் போகிறீர்கள் என்றால் அங்கேயே வாடகைக்கு எடுத்துவிடுங்கள், பெரும்பாலும் ஒலிக்குறைப்பானோடு தருவார்கள், உதையும் குறையும்.

எப்போது போகலாம்? கென்யாவில் முடியுமா?

கென்யாவில் 1977 முதல் தடை. போட்ஸ்வானா 2014-இல் தடை செய்து 2019-இல் நீக்கியது. நமீபியாவில் பிப்ரவரி 1 முதல் நவம்பர் 30 வரை பருவம். மே முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம், இலை உதிர்ந்து கண்ணுக்கு வழி விடும். குடுவுக்கு மே, ஜூன் நல்லது, ஆண் இணையைத் தேடி வெளியே வரும். விடியலில் உறையும் குளிர், நண்பகலில் வெயில், எனவே அடுக்கடுக்காக உடுத்துங்கள். ஜிம்பாப்வேக்கு ராணுவப் புள்ளி உடை வேண்டாம், பொதுமக்கள் அதை அணிவது அங்கே சட்டப்படி குற்றம்.

விலைப்பட்டியலில் எதைக் கவனிக்க வேண்டும்?

நாள் கட்டணம் வேறு, விலங்குக் கட்டணம் வேறு. ஒரு பி.எச். உங்களுக்கு மட்டுமா, இன்னொரு வேட்டைக்காரருக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். தென்னாப்பிரிக்காவில் 15 சதவீத மதிப்புக் கூட்டு வரி நாள் கட்டணத்தில் சேர்ந்திருக்கிறதா என்று எழுதி வாங்குங்கள். தோலைப் பதப்படுத்திக் கட்டுவதும் கப்பல் கூலியும் பட்டியலில் இருக்காது, பலருக்குக் கடைசியில் அதிர்ச்சி அதுதான். மலை வரிக்குதிரைக்கு, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் (சைட்டிஸ்) அனுமதி தனியாக வேண்டும், சமவெளி வரிக்குதிரைக்கு வேண்டாம். வேலிக்குள் வேட்டை என்றால் பரப்பு எத்தனை ஹெக்டேர், விலங்கை எப்போது விட்டார்கள் என்று நேராகக் கேளுங்கள். போன வாரம் லாரியில் வந்து இறங்கியதைச் சுடுவதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். இறைச்சி வழக்கமாகப் பண்ணைக்கே சொந்தம்.

தலையைப் பாடம் பண்ணி வைக்க வேண்டும். முடி உதிராமல் இருக்க?

வெயிலில் கிடக்க விடாதீர்கள், சூடுதான் முடியை உதிர வைக்கும். நிழலுக்குக் கொண்டுபோய் உடனே உரித்து, சதை சுரண்டி, காதையும் உதட்டையும் பிரித்து, உப்பை மடிப்புகளுக்குள் வரை தேய்க்க வேண்டும். தோள் வரை பாடம் வேண்டும் என்றால் முன்னங்காலுக்குப் பின்னால் சுற்றி வெட்டச் சொல்லுங்கள். கழுத்தின் முன்பக்கத்தில் கத்தி படக் கூடாது, அந்தத் தையல் என்ன செய்தாலும் தெரியும்.