அல்ட்ரா ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கும்போது மனதை அந்தந்த நொடியில் எப்படி நிறுத்துவது?

மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரைத் தாண்டினாலே அல்ட்ராதான். நான் 50-க்குத் தயாராவது ஏற்காடு மலைப்பாதையில். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவதிலேயே இருபதாவதை நினைத்தால் கால் கனத்துவிடும், பட்டுத் தெரிந்துகொண்டது. அதனால் ஏற்றத்தில் மூச்சை மட்டும் எண்ணுவேன்: இரண்டு அடிக்கு இழுப்பு, இரண்டு அடிக்கு விடுப்பு. பேச முடியாத அளவு இரைத்தால் நடைதான். இதில் வெட்கமே வேண்டாம், அல்ட்ராவில் பெரும்பாலானவர்கள் ஏற்றத்தை நடந்தே கடப்பார்கள்.

இறக்கம்தான் ஆளைச் சோதிக்கும். தொடைத் தசை நீண்டபடியே எடையைத் தாங்குவதால், மறுநாள் மாடிப்படி இறங்கும்போது உயிர் போகும். அங்கே மனம் அலைந்தால் பஸ் ஹாரனோ குரங்கோ திரும்ப இழுத்துவந்துவிடும். வாழைப்பழம் கண்ணில் பட்டால் குரங்கு சும்மா விடாது! கடலைமிட்டாயை இடுப்புப் பைக்குள் ஒளித்து வைத்து, பசிக்கும் முன்பே அரைமணிக்கு ஒரு துண்டு கடித்துக்கொள்கிறேன்.