காட்டில் தராசு எங்கே இருந்தது? வனத்துறை வேலை பற்றிக் கேள்வி பதில்

வனக்காப்பாளராகச் சேர்ந்து, வனச்சரகராக ஓய்வுபெற்றவன் நான். வனக் குற்றத் தடுப்பு வேலைக்கு வர நினைப்பவர்கள் கேட்கலாம். பணியிட மாறுதல், பென்ஷன், சிபாரிசு இந்த மூன்றையும் என்னிடம் கேட்க வேண்டாம்.

தேனியிலிருந்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்: வேட்டைக்காரர்களைப் பிடிக்கும் வேலைக்கு வர ஆசை ஐயா. எங்கிருந்து தொடங்குவது?

அப்படித் தனியாக ஒரு வேலை இல்லை, தம்பி. வனத்துறையில் சேர்ந்தால் கோடையில் தீ அணைப்பீர்கள், இரவில் வாழைத் தோட்டத்திலிருந்து யானையை விரட்டுவீர்கள், நாற்றங்காலுக்குத் தண்ணீர் விடுவீர்கள். இவற்றுக்கு நடுவே ஒரு விடியற்காலையில் வேட்டைக்காரனும் அகப்படுவான்.

பத்தாம் வகுப்பு முடித்திருந்தால் வனக்காவலர். பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பாடம் படித்திருந்தால் வனக்காப்பாளர். முன்பு வனத்துறையின் தேர்வுக் குழுமமே ஆள் எடுத்தது. 2024 முதல் இரண்டு பதவிகளும் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்குள் வந்துவிட்டன. பட்டம் பெற்றவர்களுக்கு வனவர் பதவி, அது குரூப் 2. வனச்சரகர் ஆக 'வனத் தொழில் பழகுநர்' தேர்வு. உதவி வனப் பாதுகாவலருக்கு குரூப் 1ஏ. அதற்கும் மேலே இந்திய வனப் பணி. அதன் முதல்நிலைத் தேர்வை ஐ.ஏ.எஸ். எழுதுபவர்களோடு சேர்ந்தே எழுத வேண்டும், முதன்மைத் தேர்வை ஆங்கிலத்தில் மட்டுமே எழுத முடியும்.

உங்கள் படிப்புக்கு வனக்காப்பாளர் பதவி பொருந்தும். அதைச் சின்ன வேலை என்று எண்ணாதீர்கள். வழக்கு உயிரோடு இருப்பதும் சாவதும் பீட்டில், அதாவது தனக்கு ஒதுக்கிய காவல் பகுதியில், நிற்கும் வனக்காப்பாளர் கையில்தான். மேலே இருப்பவர்கள் கையெழுத்துப் போடுகிறோம், அவ்வளவுதான்.

சேலத்திலிருந்து: உயரம் எவ்வளவு வேண்டும்?

வனக்காப்பாளருக்கு ஆண்கள் 163 சென்டிமீட்டர், பெண்கள் 150. பழங்குடியினருக்கு 152, 145. ஆண்களுக்கு மார்பளவு 79, மூச்சை இழுத்தால் 5 விரிய வேண்டும். விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டின் அறிவிக்கையையும் பாருங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து: நடைத் தேர்வு கடினமா? தினமும் 5 கிலோமீட்டர் ஓடுகிறேன்.

ஓட்டம் வேறு, இது வேறு. ஆண்களுக்கு 25 கிலோமீட்டர், பெண்களுக்கு 16 கிலோமீட்டர், நான்கு மணி நேரத்துக்குள். கணக்குப் போட்டால் மணிக்கு ஆறேகால் கிலோமீட்டர். கேட்க எளிதாக இருக்கும். 18 கிலோமீட்டர் வரை யாரும் விழுவதில்லை. அதற்குப் பிறகு குதிகாலில் கொப்புளம் உடையும், தொடை உரசும், தார்ச்சாலைச் சூடு காலணிக்குள் ஏறும். என்னோடு வந்தவர்களில் நல்ல ஓட்டக்காரர் ஒருவர் புதுக் காலணி போட்டு வந்தார். 20-ஆவது கிலோமீட்டரில் அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். ஆறு மாதம் பழகிய காலணி, தடித்த பருத்திக் காலுறை, வாரம் ஒரு முறை மூன்று மணி நேர நடை. வேறு இரகசியம் இல்லை.

மதுரையிலிருந்து: பயிற்சி மையத்தில் சேரலாமா? ஒருவர் "உள்ளே ஆள் இருக்கிறது" என்கிறார்.

பயிற்சி மையம் உங்கள் விருப்பம். "உள்ளே ஆள் இருக்கிறது" என்பவன் தரகன். அவனிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கோவையிலிருந்து, சட்டக் கல்லூரி மாணவி: வன உயிரினக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகத்தில் நேரடியாகச் சேர முடியுமா?

பெரும்பாலும் முடியாது, மகளே. 2007-இல் தொடங்கிய மத்தியப் பணியகம் அது, சென்னையிலும் மண்டல அலுவலகம் உண்டு. காவல் துறை, சுங்கம், வனத்துறை இவற்றிலிருந்து அயல்பணியில்தான் ஆட்கள் போகிறார்கள்.

ஆனால் சட்டம் படித்தவர்கள் இல்லாமல்தான் நாங்கள் தோற்கிறோம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 55-ஆவது பிரிவைப் படியுங்கள். அதிகாரம் பெற்ற அதிகாரி எழுத்துமூலம் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளும். அதாவது, குற்றத்தைக் கண்டுபிடிப்பவனே புகாரை எழுதி, அவனே சாட்சிக் கூண்டிலும் ஏற வேண்டும். அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுத் தனிமனிதர் எவரும் புகார் தாக்கல் செய்யலாம். இந்த வழியில் போகும் வழக்கறிஞர்கள் மிகக் குறைவு. காக்கி போடாமலே இந்த வேலை செய்ய உங்களுக்கு இடம் இருக்கிறது.

நாமக்கல்லிலிருந்து: பி.ஏ. தமிழ் படித்திருக்கிறேன். இந்திய வனப் பணி எழுதலாமா?

முடியாது. அறிவியல், வேளாண்மை, பொறியியல் போன்ற பட்டம் வேண்டும்.

ஈரோட்டிலிருந்து: உயரம் 161 இருந்தால் விடுவார்களா?

மேலே சொல்லியிருக்கிறேன்.

வேலூரிலிருந்து, வேலையில் சேர்ந்து நான்கு மாதமான வனக்காப்பாளர்: ஐயா, முதல் வழக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும்? பயமாக இருக்கிறது.

இதற்காகத்தான் இங்கே வந்து உட்கார்ந்தேன். என் கதையைச் சொல்கிறேன்.

பணியில் சேர்ந்த புதிது. அடிவாரத்து ஓடையில் இரண்டு பேரை உடும்போடு பிடித்தோம். பையில் சுருக்குக் கம்பிகள், எல்லாம் இரு சக்கர வாகனத்தின் கிளட்ச் கம்பி, வெட்டிய நுனி இன்னும் பளபளத்தது. கை நடுங்கக் கூட்டிக்கொண்டு சரக அலுவலகம் வந்தோம். அங்கே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, தேநீர் குடித்துவிட்டு மகசர் எழுதினேன். எங்கே, எதைக் கைப்பற்றினோம் என்று சாட்சிகள் முன்னால் எழுதும் பதிவுதான் மகசர். "அதிகாலை 5.30 மணிக்குச் சம்பவ இடத்தில் எழுதப்பட்டது. உடும்பின் எடை 2 கிலோ 400 கிராம்."

இரண்டு வருடம் கழித்துக் கூண்டில் ஏறினேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குரலையே உயர்த்தவில்லை. "காட்டுக்குள் எடை போட்டீர்களா?" "ஆமாம்." "தராசு எங்கே இருந்தது?" நான் விழித்தேன். "கைப்பற்றிய பொருட்களின் பட்டியலிலும் இல்லை, நீங்கள் எடுத்துச் சென்ற பொருட்களிலும் இல்லை. காட்டில் தராசு எங்கே இருந்தது?" அன்றைக்கே வழக்கு முடிந்துவிட்டது. நிஜமாகவே அந்த இருவரும் உடும்பு பிடித்தவர்கள்தான். பொய் எழுதியவன் நான்.

ஆகையால் மகசரைச் சம்பவ இடத்தில், சாட்சிகள் முன்னால் எழுதுங்கள். முழங்காலில் அட்டை வைத்து எழுதினாலும் பரவாயில்லை. பையில் ஒரு கொக்கித் தராசு, அளவு நாடா, அரக்கு, முத்திரை, கார்பன் தாள் எப்போதும் இருக்கட்டும். கம்பி கட்டியிருந்த முளையைப் படம் எடுங்கள், மரப்பட்டை உரிந்த இடத்தையும் எடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சோதனையையும் கைப்பற்றுவதையும் காணொளியாகப் பதிவு செய்யச் சொல்கிறது. கைபேசியில் மின்னூட்டம் இருக்கிறதா என்று கிளம்பும்போதே பாருங்கள். செத்த விலங்கென்றால் கால்நடை மருத்துவர் வரும்வரை கிடந்த இடத்தை விட்டு நகர்த்தாதீர்கள்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு வாரண்ட் இல்லாமல் சோதனை போடவும் கைது செய்யவும் உங்களுக்கு அதிகாரம் தருகிறது. நான்கு மாத வனக்காப்பாளருக்கு அது பெரிய அதிகாரம். கைது செய்தால் ஏன் என்று அவனிடம் சொல்லுங்கள், வீட்டாருக்குத் தகவல் சொல்லுங்கள், 24 மணி நேரத்துக்குள் குற்றவியல் நடுவர் முன் நிறுத்துங்கள். வாக்குமூலத்தை நீங்களே எழுதி வாங்கிப் பெருமைப்படாதீர்கள். உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அதிகாரி, குற்றம்சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதிவு செய்யும் சாட்சியத்தைத்தான் அந்தப் பிரிவு விசாரணையில் ஏற்கச் சொல்கிறது. அடித்து வாங்கிய வாக்குமூலம் எதற்கும் உதவாது, உங்களைத்தான் சிறைக்கு அனுப்பும்.

உடும்பு அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணை விலங்கு, அதாவது மிக உயர்ந்த பாதுகாப்பு உள்ளது. குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டுச் சிறை. அவ்வளவு பெரிய தண்டனை ஒரு தராசில் தொங்குகிறது.

மலைக் கிராமத்தில் பணியாற்றும் ஆசிரியர்: வழக்கு எழுதுவது எப்படி என்று அழகாகச் சொல்கிறீர்கள். யார் மேல் எழுதக் கூடாது என்று யார் சொல்லிக் கொடுப்பது? என் மாணவனின் தாத்தாவை இரண்டு தேன் அடைக்காகப் பகல் முழுக்க உட்கார வைத்தார்கள்.

ஆசிரியரே, சுருக்குக் கம்பி யார் வைத்தாலும் சுருக்குக் கம்பிதான். மலைவாசி என்பதற்காக விலக்குக் கொடுக்க முடியாது.

அதே ஆசிரியர்: நான் கம்பியைப் பற்றிக் கேட்கவில்லை. தேனைப் பற்றிக் கேட்டேன்.

சரி. நீங்கள் கேட்டது தேன், நான் பதில் சொன்னது கம்பிக்கு. எங்கள் துறையின் பழைய வியாதி அது.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தேனைச் சிறு வன விளைபொருள் என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. வழிவழியாக எடுத்துவருபவர்கள் எடுக்கலாம், விற்கலாம். வேட்டைக்கு மட்டும் அந்தச் சட்டத்தில் இடமில்லை. அந்தப் பெரியவரை உட்கார வைத்தது தவறு. புதிதாகச் சேர்பவர்கள் 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்தை மனப்பாடம் செய்கிறார்கள், 2006-ஐப் புரட்டுவதில்லை.

ஓய்வுபெற்ற வனவர் என்று சொல்பவர்: இப்படிப் பேசினால் களப்பணியாளர்களின் மனவுறுதி என்ன ஆகும்? சந்தனக் கடத்தல் காலத்தில் நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை செய்தோம்.

செய்தீர்கள், நானும் அறிவேன். அதே காலத்தில்தான் வாச்சாத்தியும் நடந்தது. 1992 ஜூன் 20, தருமபுரி மாவட்டம். சந்தன மரம் தேடுகிறோம் என்று போன வனத்துறை, காவல் துறை, வருவாய்த் துறையினர் அந்தப் பழங்குடிக் கிராமத்தைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். 2011-இல் 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரில் 126 பேர் நம் துறை. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மனவுறுதியைப் பற்றிப் பேசும்போது இந்த எண்களையும் சேர்த்துப் பேசுவோம்.

அதே ஓய்வுபெற்ற வனவர்: சிலர் செய்ததற்கு எல்லோரையும் சொல்லலாமா?

126 என்பது 'சிலர்' இல்லை.

ஆசிரியர்: எங்கள் பையன்களை வேலைக்கு எடுங்கள். பாதி பிரச்சினை தீரும்.

ஒப்புக்கொள்கிறேன். பழங்குடி இளைஞர்களுக்கென்றே வனக்காவலர் பணியிடங்கள் இருக்கின்றன. உங்கள் பள்ளிச் சுவரில் அந்த அறிவிக்கையை ஒட்டுங்கள், சாதிச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள், கடைசி வாரத்தில் அலைய வேண்டாம். ஈர மண்ணில் பதிந்த தடம் நேற்றையதா, இன்று காலையதா என்று எனக்குக் கற்றுக் கொடுத்தவர் வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்த ஒரு மலைவாசிதான். தடத்தின் விளிம்பில் எறும்பு புற்றுமண் தள்ளியிருந்தால் பழையது என்பார். கடைசிவரை அவர் தற்காலிகப் பணியாளர்.

கரூரிலிருந்து: வேட்டைத் தடுப்புக் காவலராகச் சேர்ந்தால் பிறகு நிரந்தரமாகுமா?

இப்போதுதான் சொன்னேன். அதை நம்பிச் சேராதீர்கள். அந்த வேலை செய்துகொண்டே குரூப் 4-க்குப் படியுங்கள்.

விழுப்புரத்திலிருந்து: பாம்பு பிடிக்கத் தெரியும், காணொளிகள் போட்டிருக்கிறேன். கூடுதல் மதிப்பெண் உண்டா?

இல்லை. பாம்பும் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கும் உயிர். அனுமதி இல்லாமல் பிடித்துக் காணொளி போட்டிருந்தால், நீங்களே உங்களுக்கு எதிரான சாட்சியத்தைத் தயார் செய்து வைத்திருக்கிறீர்கள். முதலில் அதை நிறுத்துங்கள்.

தஞ்சாவூரிலிருந்து, பெண்: இரவு ரோந்துக்குப் பெண்களை அனுப்புவார்களா?

அனுப்புவார்கள், அனுப்பவும் வேண்டும். எங்கள் சரகத்தில் நள்ளிரவுத் தணிக்கையில் லாரியை மறித்து நின்றவர் ஒரு பெண் வனக்காப்பாளர். கடினமானது காடு இல்லை, கழிப்பறை இல்லாத காவல் குடில். சேர்ந்த முதல் வாரத்திலேயே அதை எழுத்தில் கேளுங்கள். எழுதாத கோரிக்கை எங்கள் துறையில் பிறக்காத குழந்தை.

ராமநாதபுரத்திலிருந்து: எங்கள் பக்கம் காடே இல்லையே. கடலில் இந்த வேலை உண்டா?

உண்டு. மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா வனத்துறையின் கையில்தான் இருக்கிறது. அங்கே பெரிய வழக்கு கடல் அட்டை. 2001 முதல் முதல் அட்டவணையில் இருக்கிறது. நீச்சலும் படகோட்டவும் தெரிந்தவர்களுக்கு அங்கே மதிப்பு. ஒன்றை மறக்காதீர்கள்: கடல் அட்டையிலிருந்து தண்ணீர் வடிய வடிய எடை குறையும். பிடித்த இடத்தில் ஒரு எடை, அலுவலகத்தில் ஒரு எடை என்று இரண்டு எண் வந்தால் வழக்கறிஞருக்கு விருந்து. பிடித்த நேரத்தையும், ஈரமா உலர்ந்ததா என்பதையும் மகசரிலேயே எழுதுங்கள். தராசு!

திருச்சியிலிருந்து: சார், உயரம் எவ்வளவு?

மேலே. மூன்றாவது முறை.

பெரம்பலூரிலிருந்து: துப்பாக்கி தருவார்களா?

பயிற்சி தருவார்கள். இந்தக் கேள்வியோடு வேலைக்கு வருபவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பயம். பணிக்காலம் முழுக்க நான் அதிகம் தேய்த்தது பேனாவை.

அரியலூரிலிருந்து: ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம். பதில் எல்லாம் படித்துவிட்டேன். என் உயரம் சரியாக 163 இல்லை. ஒரு நாள் 162.5 வருகிறது, ஒரு நாள் 163.2. எது சரி?

கோபம் இல்லை, தம்பி. இது வேறு கேள்வி. இரண்டும் சரிதான். நாள் முழுக்க நின்றும் நடந்தும் முதுகெலும்பின் தட்டுகள் அமுங்குவதால் மாலைக்குள் ஒரு சென்டிமீட்டர் வரை குறையும். அளக்கும் நாளுக்கு முந்தைய இரவு பஸ்ஸில் நின்றுகொண்டு வராதீர்கள். முன்னதாகவே வந்து தங்கி, நன்றாகப் படுத்துத் தூங்கி, காலை முதல் வரிசையில் போய் நில்லுங்கள்.