குற்றாலம் விடுதியில் காலை உணவு மட்டும் போதும்

வணக்கம். ஜூலையில் இரண்டு குழந்தைகள், சர்க்கரை நோயுள்ள தாயாருடன் குற்றாலத்தில் 3 நாள் தங்கப்போவதாகவும், விடுதியில் மூன்று வேளைக்கும் முன்பணம் கட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். காலை உணவை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா.

சீசனில் எப்போது குளிக்க முடியும் என்பது நம் கையில் இல்லை. வெள்ளம் பெருகினால் மெயினருவியில் தடை போடுவார்கள். தடை நீங்கியதும் ஓட வேண்டும். நாங்கள் ஒருமுறை மதியத்துக்கும் கட்டிவிட்டு, இரண்டு நாளும் மூன்றரை மணிக்குத்தான் ஈரத்துணியோடு திரும்பினோம். உணவுக்கூடம் மூடியிருந்தது, பணமும் திரும்பவில்லை. குழந்தைகள் பிஸ்கட் தின்றுவிட்டுப் படுத்தது இன்னும் மனதை உறுத்துகிறது. பாபநாசம், மணிமுத்தாறு அருவிகளுக்குப் போகும் நாளில் மதியம் விடுதிக்கு வரவே முடியாது. இரவுக்குச் செங்கோட்டை பக்கத்துப் பிரானூர் பார்டர் கடைகளின் பரோட்டா இருக்கிறது. அருவியில் குளித்த பசிக்கு அதற்கு ஈடு கிடையாது.

உங்கள் அம்மாவுக்குத்தான் நேரம் தவறக் கூடாது. அவர் ஒருவருக்கு மட்டும் விடுதியில் மதியச் சாப்பாடு தருவார்களா, எத்தனை மணி வரை, குழந்தைக்கும் முழுக் கட்டணமா, வரி சேர்ந்த தொகையா என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். அருவிக்குக் கிளம்பும்போது அம்மாவின் பையில் நான்கு இட்லி கட்டாயம் இருக்கட்டும்.