கட்டக் குறியீடும் தொடர்பு வரைபடமும்: கேள்வி பதில்

கேள்வி: அமெச்சூர் வானொலியில் (ஹாம் ரேடியோ) எதிர்நிலையம் அனுப்பும் நான்கே எழுத்துகளை வைத்துக்கொண்டு வரைபட மென்பொருள் இடத்தை எப்படிக் கண்டறிகிறது?

பதில்: இடத்தைச் சிறு குறியீட்டால் குறிக்கும் மெய்டன்ஹெட் முறையின் முதல் இரண்டு எழுத்துகள், உலகை 20 பாகை அகலமும் 10 பாகை உயரமும் கொண்ட 324 பெருங்கட்டங்களாகப் பிரிக்கின்றன. அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் ஒவ்வொரு பெருங்கட்டத்தையும் நூறாகப் பகுக்கின்றன. ஒவ்வொரு இணையிலும் தீர்க்கரேகை முன்னும் அட்சரேகை பின்னும் வரும். வழக்கமான ஆயத்தொலைவுகளின் வரிசை இதற்கு நேர்மாறானது என்பதால், சொந்தமாக நிரல் எழுதுவோர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

கேள்வி: நண்பரின் நிலையம் கடற்கரையில் இருக்கிறது, வரைபடமோ புள்ளியைக் கடலுக்குள் காட்டுகிறது. இது மென்பொருளின் பிழையா?

பதில்: பிழையன்று. நான்கு எழுத்துக் கட்டம் நிலநடுக்கோட்டருகே ஏறத்தாழ 222 கிலோமீட்டர் அகலமும் 111 கிலோமீட்டர் உயரமும் உடையது. மென்பொருள் அதன் நடுவில் புள்ளி வைக்கிறது. ஆறு எழுத்துக் குறியீடு இதைச் சுமார் 9 கிலோமீட்டருக்கு 4.6 கிலோமீட்டர் அளவுக்குக் குறுக்கும் என்றாலும், எஃப்டி8 என்னும் கணினிவழிச் சிறுசெய்தி முறையில் வழக்கமாக அனுப்பப்படுவது நான்கெழுத்து மட்டுமே. எனவே புள்ளியைவிட, கட்டம் முழுவதையும் வண்ணமிட்டுக் காட்டுவதே நேர்மையான வரைபடம் என்பேன்.

கேள்வி: ஆர்க்டிக் பெருங்கடலின் நடுவில் எனக்கு ஒரு தொடர்பு இருப்பதாகக் காட்டுகிறதே?

பதில்: அந்தப் பதிவின் கட்டம் 'ஆர்ஆர்73' என்றிருக்கும். எஃப்டி8 உரையாடலை முடித்துவைக்கும் அந்தச் செய்தி, தற்செயலாக முறையான கட்டக் குறியீடாகவும் அமைந்துவிட்டது. செய்தியின் கடைசிச் சொல்லை ஆராயாமல் கட்டமாக எடுத்துக்கொள்ளும் கருவிகள் இதில் சிக்குகின்றன. குறியீட்டை அழித்துவிடுங்கள், தொடர்பை அழிக்க வேண்டாம்.

கேள்வி: பழைய பதிவுகளில் கட்டமே இல்லை. நிலையங்களின் அடையாளப் பெயரான அழைப்புக்குறிகளின் தரவுத்தளத்திலிருந்து நிரப்பலாமா?

பதில்: வரைபடத்தை அழகுபார்க்க மட்டுமென்றால் நிரப்பலாம். ஆனால் தரவுத்தளம் பொதுவாகத் தருவது எதிர்நிலையத்தாரின் வீட்டு முகவரிக்குரிய கட்டத்தை. அவர் அன்று மலையுச்சியிலிருந்தோ காரிலிருந்தோ பேசியிருக்கக்கூடும். அமெரிக்காவின் ஏஆர்ஆர்எல் என்னும் அமெச்சூர் வானொலி அமைப்பு வழங்கும் வியூசிசி விருதுக்கு 50, 144 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளில் தலா 100 கட்டங்கள் வேண்டும். அங்கே கணக்கில் வருவது நிலையம் உண்மையில் நின்ற கட்டம். ஆகவே ஊகித்து நிரப்பியவற்றைக் குறிப்புப் புலத்தில் தனியே அடையாளமிட்டு வையுங்கள். தொடர்புப் பதிவுகளைச் சேமிக்கும் ஏடிஐஎஃப் கோப்பில் 'கிரிட்ஸ்கொயர்' எதிர்நிலையத்துக்கும், 'மை_கிரிட்ஸ்கொயர்' உங்களுக்கும் உரிய புலங்கள். பயணத்தின்போது இரண்டாவதை மாற்ற மறந்தால், எல்லாக் கோடுகளும் உங்கள் வீட்டிலிருந்தே கிளம்பும். கட்டங்களின் எல்லைக்கோட்டில் நின்று பேசியவருக்கென 'வியூசிசி_கிரிட்ஸ்' என்ற தனிப் புலமே உண்டு; ஒரே தொடர்பில் இரண்டு அல்லது நான்கு கட்டங்களை அதில் பதியலாம்.

கேள்வி: தொடர்புகளை வரைபடத்தில் காட்டும் கிரிட்டிராக்கர் மென்பொருள் திறந்திருக்கிறது, ஆனால் வரைபடம் அசையவே இல்லை.

பதில்: எஃப்டி8 முறையை இயக்கும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருள் தன் தகவலை இயல்பாக 2237 என்ற யூடிபி போர்ட்டுக்கு (மென்பொருள்கள் தகவல் பெறும் எண்ணிட்ட வாயில்) அனுப்புகிறது. பதிவேட்டு மென்பொருளும் அதே போர்ட்டைப் பிடித்திருந்தால், இரண்டில் ஒன்றுக்கு எதுவும் வந்துசேராது. பல மென்பொருள்கள் ஒரே நேரத்தில் பெறக்கூடிய மல்டிகாஸ்ட் முகவரிக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு மென்பொருள் மற்றதற்கு வேறு போர்ட் வழியாகத் தகவலை முன்னனுப்பும்படி அமையுங்கள்.